கடைமடை பெஞ்சு

1
இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. தஞ்சாவூரில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி முகாம். என்னைப் போன்ற நரைத்த தலைகளையெல்லாம் ஒற்றைக் காலில் நிற்கவைத்து, நீங்கள் கொக்குகள், இப்போது மீனின் மனநிலையைச் சிந்தியுங்கள் என்றார்கள். சிந்தித்தேன். மதியச் சாப்பாட்டில் மீன் இல்லை. (இந்த வரியை எடுத்துவிடச் சொன்னாள் மனைவி. எடுக்கவில்லை.)

2
முதல் தொடக்கம்: "காவிரி தவழும் பொன்னாட்டிலே ஃபிளோரா டீச்சர்..."

வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

இரண்டாவது: ஃபிளோராவுக்குத் தஞ்சாவூரில் வீடு, திருவாரூருக்கும் தெற்கே பள்ளிக்கூடம். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். இன்று கல்வி அதிகாரி முன்னால் நடத்தும் மாதிரி வகுப்பு நன்றாக அமைந்தால் தஞ்சாவூர்ப் பயிற்சி மையத்துக்கே மாற்றுப்பணி வாங்கித் தருவதாக அதிகாரி சொல்லியிருந்தார். அவளுக்கு வேண்டியது அதுதான். கல்விப் புரட்சியை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

3
மாதிரி வகுப்புக்கான விளையாட்டு சென்னையிலிருந்து பெட்டியில் வந்திருந்தது. வகுப்பறைதான் வாய்க்கால். முதல் பெஞ்சு தண்ணீர் முதலில் பாயும் தலைமடை, கடைசி பெஞ்சு மிஞ்சினால் பாயும் கடைமடை. குடத்துத் தண்ணீர் டம்ளர் டம்ளராகப் பின்னால் போக வேண்டும். கிடைக்காதவர்கள் அன்பாகப் பேசிப் பெற வேண்டும் என்பது விதி. விதியை எழுதிய மேதை வயலை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார், அதுவும் தூங்காமல் இருந்திருந்தால்.

முதல் பெஞ்சு தண்ணீரை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டது. கடைசி பெஞ்சு அன்பாகப் பேசவில்லை. எழுந்து போய் வாசலை அடைத்து உட்கார்ந்துவிட்டது. சாலை மறியல்.

[தலைமை தாங்கியவள் ஷிஃபா. இவளை நம்பலாமா? வீட்டில் ஒரு குழி நிலம் கிடையாது. ஆனால் தண்ணீர் வராதபோதெல்லாம் விவசாயிகள் மறியல் செய்யும் கடைத்தெரு முனையில் அவளுடைய அத்தா (அப்பாதான்) டீக்கடை வைத்திருக்கிறார். மறிப்பவர்களுக்கும் டீ, போலீசுக்கும் டீ. யார் வந்து என்ன சொல்வார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.]

4
அதிகாரிக்கு அடுத்த பள்ளிக்குப் போக வேண்டும். வழிவிடச் சொன்னார். தாசில்தார் வந்து பேசினால்தான் எழுவோம் என்றாள் ஷிஃபா. அதிகாரிக்கு ஒரே பூரிப்பு. செல்போனில் படம்கூட எடுத்துக்கொண்டார்.

"சரி, நான்தான் தாசில்தார். உங்க கோரிக்கையைப் பரிசீலிக்கிறேன். எழுந்திரிங்க."

"அதத்தான் போன வருஷமும் சொன்னீங்க."

அதிகாரியின் சிரிப்பு நின்றது. ஒரு பிள்ளைகூட அசையவில்லை. ஃபிளோராவுக்குத் தஞ்சாவூர் கை நழுவுவது தெரிந்தது. கூடவே பெருமையாகவும் இருந்தது. இந்த நேரத்தில் என்ன பெருமை என்று தன் மேலேயே கோபமும் வந்தது.

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "டீச்சர், விளையாட்டு முடிஞ்சுதுன்னு சொல்லுங்க. உங்களுக்குத் தஞ்சாவூர் வேணுமா, வேணாமா?"

5
முடிவு ஒன்று: முடிந்தது என்று சொல்கிறாள். டீச்சர் சொல்வதால் பிள்ளைகள் உடனே எழுந்துவிடுகிறார்கள். அவளுக்குத் தஞ்சாவூர் கிடைக்கிறது. இதுதான் நடக்கும். அதனாலேயே எழுதக் கை வரவில்லை.

முடிவு இரண்டு: தலைமடை டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு போய் ஷிஃபாவின் பக்கத்தில் உட்கார்ந்து...

சேச்சே. பத்திரிகைக்காரர்கள் கண்கலங்கிப் பரிசு கொடுத்துவிடுவார்கள்.

முடிவு மூன்று: ஃபிளோரா வாயைத் திறந்தாள்.

இதற்கு மேல் என்னால் ஆகாது. வாசல் இன்னும் அடைத்தபடிதான் இருக்கிறது. உள்ளே அதிகாரி, ஃபிளோரா, நான். வேடிக்கை பார்த்துக்கொண்டே இவ்வளவு தூரம் வந்துவிட்ட நீங்களும் உள்ளேதான். வெளியே போக வேண்டுமென்றால் ஷிஃபாவிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள். பரிசீலிக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.