ஆறு மணி நேரம் பிந்திய கால்கள்

அந்தத் தையல்காரி இடும் உத்தரவு அவளுடைய கால்களுக்கு ஆறு மணி நேரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தது. காலை எட்டுக்கு மெஷினை மிதிக்கச் சொன்னால், பிற்பகல் இரண்டுக்குச் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது அவை பாட்டுக்கு வெறுந்தரையை மிதிக்கும். கடைக்குப் போகச் சொன்ன கால்கள் ஒருநாள் பாதிக் குளியலில் கிளம்பிவிட்டன. தாழ்ப்பாள்தான் மானத்தைக் காப்பாற்றியது.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. எச்ஐவி மாத்திரையை ஒன்றரை வருடமாக நிறுத்தியதால் கிருமி தண்டுவடத்தில் பொடிப்பொடியாக ஓட்டை போட்டிருக்கிறது, தலை சொல்வது அதில் விழுந்து எழுந்து வர நேரமாகிறது என்றார். வளர்ந்த மகள் பார்த்துவிடுவாளோ என்ற பயத்தில்தான் தையல்காரி மாத்திரையைக் கைவிட்டிருந்தாள். அந்த மகள் அப்போது பக்கத்திலேயே நின்றாள். அவளுக்கு அன்றுதான் விஷயமே தெரியும்.

"வியாதிக்காக இல்லம்மா. என்னை வெளி ஆளா நெனச்சுட்டியே, அதுதான் ஆறல" என்றவள் மறுவாரமே வெளியூரில் வேலை தேடிக்கொண்டாள். அவள் படியிறங்கியபோது தையல்காரி கால்களை ஓடச் சொன்னாள். அவை அசையவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஆறு மணி நேரம் காத்திருந்தாள், அப்போதும் அசையவில்லை. சில உத்தரவுகள் ஓட்டையிலேயே தங்கிவிடும் என்றார் டாக்டரம்மா. தையல்காரி வாய்விட்டு அழுதாள்.

அதன்பிறகு மாத்திரை டப்பா மெஷின் மேலேயே, கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் இருந்தது. கேட்டவர்களுக்கு இன்னதென்று சொன்னாள். இரண்டு பேர் வருவதை நிறுத்தினார்கள், மற்றவர்கள் அளவுச் சட்டையோடு வந்தார்கள். ஆறு மணி நேரம் நான்காகி, ஒன்றாகி, பதினைந்து நிமிடத்தில் வந்து நின்றது. அது பழகிவிட்டது. மகள் ஞாயிறுதோறும் போன் செய்து, மாத்திரை போட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

மூன்றாம் வருடம் ஒரு மதியம், சட்டைக் கை தைத்துக்கொண்டிருந்தவளின் கால்கள் திடீரென எழுந்து ஓடின. அத்தனை நாளும் ஊன்றி நடந்த கோல் மூலையிலேயே நின்றது. கழுத்தில் அளவு நாடாவோடு, எங்கே போகிறோம் என்றே தெரியாமல், பஸ் நிறுத்தம் வரை போனாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்த மகள் பையோடு இறங்கிக்கொண்டிருந்தாள்.

"நீ ஓடுவியாம்மா?"

"நீ போன அன்னைக்கே ஓடச் சொன்னேன். இப்பதான் போய்ச் சேந்திருக்கு."

மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு நடக்கச் சொன்னது கால்களுக்கு எட்டப் பதினைந்து நிமிடம் ஆகும் என்பதால் இருவரும் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மூன்று வருடப் பேச்சு பாக்கியிருந்தது. கால்கள் எழுந்தபோது, கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள் தையல்காரி. அது போய்ச் சேர்வதற்குள் வீடே வந்துவிட்டது.