இரண்டாம் குழாயின் செங்கல் நிறம்

மார்ச் 12, புதன். இரண்டாம் சோதனைக்குழாயில் பெயர்ச்சீட்டு ஒட்டாமல் விட்டேன். அது என் தவறு. நிறம் மாறியது என் தவறல்ல.

கடைசி வரியை இருமுறை அடித்துவிட்டு, மூன்றாம் முறையும் அதையே எழுதினாள்.

பகலில் மிட்டாய்த் தொழிற்சாலையில் பாகு காய்ச்சுபவள். மாலை வகுப்பில் ‘பாகுக்காரி’. அன்று சர்க்கரைச் சோதனை. குளுக்கோஸ் போன்ற எளிய சர்க்கரையை நீலக் கரைசலோடு சூடாக்கினால் செங்கல் நிறம் வரும். சீனியோ குளுக்கோசும் ஃப்ரக்டோசும் கைகோத்த ஜோடி. அதில் நீலம் நீலமாகவே இருக்க வேண்டும். முதல் குழாயில் குளுக்கோஸ் ஊற்றினாள். வகுப்பில் சீனி தீர்ந்துபோனதால், இரண்டாவதில் வீட்டுக்கு எடுத்துப்போகவிருந்த பாகைத் தண்ணீரில் கலந்து ஊற்றினாள். அந்தக் குழாயும் செக்கச்செவேலென்று ஆனது.

"குழாயை மாத்திட்டே. சீட்டும் ஒட்டல. ‘மாற்றம் இல்லை’ன்னு எழுது, கையெழுத்துப் போடறேன்" என்றார் ஆசிரியர்.

"மாறுச்சே சார். நான் பார்த்தேனே."

"கையெழுத்து இல்லாம பரீட்சைக்கு உட்கார முடியாதும்மா."

பக்கத்து மேசைத் தையல்காரர் குனிந்தார். "எழுதிட்டுப் போயேன் தங்கச்சி. ஒரு கரண்டிச் சீனிக்காக வருஷத்தைத் தொலைப்பியா?"

"பார்க்காததை எப்படிண்ணே எழுதுறது?"

நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் சந்தேகம் பிடுங்கித் தின்றது. ஒருவேளை மாற்றித்தான் விட்டோமோ?

மறுநாள் காலை, கொதிக்கும் பாகில் வழக்கம்போல் எலுமிச்சையைப் பிழிந்தாள். பிழியாவிட்டால் பாகு ஆறியதும் மணல்மணலாக உறைந்துவிடும். சாறு பட்டு நகக்கண் எரிந்தது. கை அப்படியே நின்றது. பாடப்புத்தகத்தின் ஒரே ஒரு வரி நினைவுக்கு வந்தது: சீனியைப் புளிப்போடு கொதிக்கவைத்தால் ஜோடி பிரிந்து, குளுக்கோஸ் தனியே வந்துவிடும்.

"என்னடி மரம் மாதிரி நிக்கிறே? அடி பிடிக்கப் போகுது!" என்று அடுத்த கொப்பரையிலிருந்து அண்ணி கத்தினாள்.

"அண்ணி, என் குழாய் பொய் சொல்லல!"

"குழாய் வேற பேசுதா உன்கிட்ட? முதல்ல கிண்டு."

கிண்டினாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

மார்ச் 13, வியாழன். பாகை வெறும் சீனி என்று நினைத்ததும் என் தவறுதான். ஆனாலும் ‘மாற்றம் இல்லை’ என்று எழுதமாட்டேன். நாளை: மூன்று குழாய்கள். முதலில் மூன்றுக்கும் சீட்டு. ஒன்றில் சீனித் தண்ணீர். அடுத்ததில் எலுமிச்சையோடு கொதிக்கவைத்து, சமையல் சோடாவால் புளிப்பைப் போக்கிய சீனித் தண்ணீர். மூன்றாவதில் குளுக்கோஸ். சார் கண்ணெதிரே சூடாக்க வேண்டும்.