கூடத்தின் வரைபடம்

மனைவியை அடித்த வழக்கில் பதினெட்டு மாதச் சிறை என்று தீர்ப்பு வந்தபோது, சர்வேயருக்கு அந்தப் பதினெட்டு மாதம் உறைத்ததாகத் தெரியவில்லை. தீர்ப்பின் பதினான்காம் பக்கம்தான் உறைத்தது. கூடத்து வாசலுக்கும் மனைவி விழுந்து கிடந்த இடத்துக்கும் இடையே "சுமார் பத்தடி" என்று அதில் எழுதியிருந்தது.

"சுமாராம்! பாத்தியா பாப்பா, சுமாராம்!" மேல்முறையீடு முடியும்வரை ஜாமீன் வாங்கிக்கொண்டு நேராகத் தங்கை வீட்டுக்கு வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் தட்டிக் காட்டினார். "இருபத்தாறு வருஷமா ஊர்ல உள்ள வேலிச் சண்டையெல்லாம் என் டேப்பாலதான் தீந்திருக்கு. என் வீட்டையே ஒருத்தர் சுமாரா அளந்துட்டுப் போறாரு."

பாப்பாவுக்கு நாற்பத்து மூன்று வயது. மருந்துக்கடையில் வேலை. எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள் என்று கடை முதலாளி வாடிக்கையாளர்களிடம் பீற்றிக்கொள்வார். ஆனால் அண்ணனுக்கு அவள் இன்னும் பாப்பாதான். பாப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. பாப்பா சொன்னால் கேட்பாள். பாப்பா சாட்சி சொல்வாள்.

சொல்லவும் செய்தாள். விசாரணையின்போது கூண்டில் ஏறி, "அன்னிக்கு அஞ்சு மணியிலேர்ந்து எட்டு மணி வரைக்கும் அண்ணா எங்க வீட்லதான் இருந்தாங்க" என்றாள். அத்தனையும் பொய். அண்ணன் அன்று வந்ததே எட்டரை மணிக்கு. அதற்குள் அண்ணிக்குக் காறை எலும்பு முறிந்து, தலையில் ஆறு தையல் போடும் அளவுக்குக் காயமும் ஆகியிருந்தது. நீதிபதி பாப்பாவை நம்பவில்லை. ஆனால் பொய்க்காரி என்றும் எழுதவில்லை. "பாசத்தால் நேரம் குழம்பியிருக்கலாம்" என்று மரியாதையாக ஒதுக்கிவிட்டார். திட்டியிருந்தால்கூடப் பாப்பா தேறியிருப்பாள். அந்த மரியாதைதான் அன்றிலிருந்து நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

இப்போது மேல்முறையீட்டின் முதல் வாதமே அவள் சாட்சியம்தான். அதை ஏற்றுக்கொண்டால் அண்ணனுக்கு விடுதலை. விடுதலை கிடைத்தால் அண்ணன் தன் வீட்டுக்குத் திரும்புவார். அந்த வீட்டில் அண்ணி தனியாக இருந்தாள். அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டக் கூடாது என்ற ஜாமீன் நிபந்தனை ஒன்றுதான் இருவருக்கும் நடுவே நின்றது.

மேல்முறையீட்டை நடத்த வந்தவரை நீதிமன்ற வளாகத்தில் எல்லோரும் பிரசங்கி வக்கீல் என்பார்கள். காப்பிக்குச் சர்க்கரை கேட்பதையும் ஒரு முன்னுரையோடுதான் கேட்பார். அவர் ஏற்பாட்டில் ஆறு நற்சான்றிதழ்கள் வந்து சேர்ந்தன. குடியிருப்போர் சங்கச் செயலாளர், காலை நடைப்பயிற்சி நண்பர்கள் என்று ஆறு பேர் தந்த ஆறிலும் "ஈ எறும்புக்கும் தீங்கு நினையாதவர்" என்ற அதே வாக்கியம் அதே இடத்தில் இருந்தது. சங்கச் செயலாளர் சர்வேயர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர். அந்த வீட்டில் சத்தம் எழும்போதெல்லாம் தன் வீட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளும் பண்பாளர்.

"இதெல்லாம் இருக்கட்டும் சார்," என்றார் சர்வேயர். "நான் ஒரு படம் வரைஞ்சு தரேன். பத்தடி இல்லன்னு நிரூபிச்சா மொத்தத் தீர்ப்பும் ஆடிப்போயிடும்."

"ஆடுவதா? அஸ்திவாரமே பெயர்ந்துவிடும்!" என்று வக்கீல் எழுந்து நின்றே சொன்னார். அறையில் கேட்க மூன்று பேர்தான் இருந்தார்கள்.

அளக்க அண்ணன் போக முடியாது. பாப்பா போனாள்.

கதவைத் திறந்த அண்ணி, அவள் கையிலிருந்த டேப்பைப் பார்த்தாள்.

"என்ன பாப்பா, வீட்ட விக்கப் போறாரா?"

"இல்ல அண்ணி. அப்பீலுக்கு அளவு வேணுமாம். வக்கீல் கேட்டாராம்."

"வக்கீலா கேட்டாரு?"

பாப்பா தரையைப் பார்த்தாள்.

"சரி, வா. செருப்ப வெளிய விடு, இப்பதான் தொடச்சேன். எந்த முனையப் புடிக்கணும்? தரையோட தரையான்னா புடிக்கிறேன். மேல தூக்கச் சொல்லாத, இந்தக் கை தோளுக்கு மேல வராது."

இருவரும் குனிந்து அளந்தார்கள். வாசல், ஜன்னல், சோபா, இரும்பு அலமாரி. அண்ணி ஒவ்வொரு அளவையும் வாய்விட்டுச் சொல்ல, பாப்பா நோட்டில் குறித்துக்கொண்டாள். விழுந்த இடம் எது என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அண்ணியே காட்டினாள்.

"இங்க, ஜன்னலுக்குக் கீழன்னு நெனைக்கிறேன். சரியா சொல்ல முடியல. கண்ண முழிச்சப்போ ஃபேன்தான் தெரிஞ்சுது." டேப் முனையை அங்கே வைத்து விரலால் அழுத்திப் பிடித்தாள். "துணிய மடிச்சு அவரோட வரைபட மேசைல வெச்சுட்டேன். அவ்ளோதான் விஷயம். பதினோரு வருஷத்துல இதவிடச் சின்ன விஷயமெல்லாம் இருந்திருக்கு."

"அண்ணி, நான் கோர்ட்ல..."

"கேட்டுட்டுதான இருந்தேன், மூணாவது பெஞ்சுல உக்காந்து. உன்மேல கோவமில்லன்னு சொன்னா அதுவும் பொய்தான். எதுக்கு, ஒரு குடும்பத்துக்கு ஒரு பொய் போதும். டேப்ப விடு, கையக் கிழிச்சுடப் போகுது."

டேப் சரசரவென்று உருளைக்குள் போய் அடங்கியது.

நோட்டைப் பார்த்ததும் சர்வேயருக்கு முகம் சிவந்தது. "ஜன்னலுக்குக் கீழயா? அவளுக்கு என்ன தெரியும், ஜன்னல் எந்தப் பக்கம்னே தெரியாது! அலமாரிக் கைப்பிடிக்கு நேர் கீழ. தல வாசல் பக்கம், கால் சோபா பக்கம். வாசல்லேர்ந்து ஏழடி அஞ்சங்குலம், ஒரு நூல் கூடாது, ஒரு நூல் குறையாது." சொல்லிக்கொண்டே பென்சிலைக் கூராக்கினார்.

இரண்டு நாள் சோற்றைக்கூட மறந்து வரைந்தார். படத்தின் முன்னால் குனிந்துவிட்டால் அவர் தண்டனை பெற்றவரும் இல்லை, ஒருத்திக்குக் கணவரும் இல்லை, சர்வேயர் மட்டும்தான். அலமாரிக்குச் சாம்பல், சோபாவுக்குப் பச்சை, அண்ணிக்கு வெளிர் சிவப்பு. மூலையில் அளவுகோல், திசைகாட்டும் அம்புக்குறி, கட்டம் போட்ட குறிவிளக்கம். கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் அவர் கையொப்பம்.

"ஒரு தடவ பாரு. ஏதாச்சும் விட்டுப்போச்சான்னு பாத்துச் சொல்லு."

பாப்பா குறிவிளக்கத்தைப் படித்தாள். குறி ஒன்று, அலமாரி. குறி இரண்டு, மனைவியின் தலை. குறி மூன்று, கணவரின் இடது கால். குறி நான்கு, கணவரின் வலது கால், அலமாரியிலிருந்து மூன்றடி.

ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை அவள் வீட்டில் உட்கார்ந்திருந்த இரண்டு கால்கள், ஒன்றுக்கு இருபது அளவில் அண்ணியின் கூடத்தில் நின்றுகொண்டிருந்தன. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அழித்துவிடுவார். சொல்லாவிட்டால் அண்ணன் உள்ளே போவார். அவரோடு தானும் போக நேரலாம் என்பதும் அவளுக்குப் புரிந்தது.

"என்ன, விட்டுப்போச்சா?"

"இல்லண்ணா. எல்லாம் இருக்கு."

பிரசங்கி வக்கீல் படத்தைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்து ரசித்தார். "சாட்சியம் அல்ல ஐயா இது, ஓவியம்!" என்றார். மூக்குக் கண்ணாடியைத் தேட நேரமில்லாததால் எழுத்தைப் படிக்கவில்லை. படம் ஏழாம் இணைப்பாகப் போய்ச் சேர்ந்தது.

மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி, தலை நரைத்த, சிக்கனமாகப் பேசும் ஒரு பெண்மணி. வக்கீல் முக்கால் மணி நேரம் பேசினார். நீதி என்பது என்ன, குடும்பம் என்பது என்ன, அடி என்பது என்ன என்று விளக்கிவிட்டு, பத்தடி என்பதே பிழையானால் அதன்மேல் கட்டிய தீர்ப்பும் பிழையே என்று முடித்தார். அதுவரை நீதிபதி ஏழாம் இணைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் படத்த யார் வரைஞ்சது?"

சர்வேயர் எழுந்தார். இந்தக் கேள்விக்காகவே அத்தனை நாளும் காத்திருந்த முகம். "நான்தாம்மா. ஒரு நூல்கூடப் பிசகாது."

"குறி மூணும் நாலும்?"

"அதுவும் துல்லியம்தாம்மா."

"அப்படின்னா அந்த நேரத்துல நீங்க அங்க நின்னீங்க."

வக்கீல் துள்ளி எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, அவை வெறும் கற்பனைக் கால்கள்..."

"கற்பனையா?" சர்வேயர் தன் வக்கீல் பக்கம் திரும்பினார். "சார், ஒன்னுக்கு இருபது ஸ்கேல்! கற்பனையா ஒரு கோடு போட்டதில்ல நான்!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. அரைமணி நேரம் ஒத்திவைத்தார்.

தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வக்கீலும் அண்ணனும் பாப்பாவைச் சுவரோடு நிறுத்திக்கொண்டார்கள். வக்கீல் வாழ்க்கையில் முதல் தடவையாக முன்னுரை இல்லாமல் பேசினார்.

"அளந்தது நீங்கதானம்மா? பாதிக்கப்பட்டவங்க காட்டினாங்க, நீங்க குறிச்சுக் குடுத்தீங்க, அண்ணன் அத அப்படியே வரைஞ்சாரு. படத்துல கால் போட்டதும் நீங்க சொல்லித்தான். இத உள்ள வந்து சொல்லிடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"ரெண்டு வார்த்த பாப்பா," என்றார் அண்ணன். குரல் குழைந்தது. "முன்னாடி சொன்ன மாதிரிதான். உனக்கு இதெல்லாம் புதுசா?"

அவர் சொன்னது உண்மை, அதுதான் சுட்டது. புதுசு இல்லை. ஒரு தடவை சொன்னவள் என்ற தைரியத்தில்தான் கேட்கிறார். இன்று சொன்னால் அடுத்த தடவை கேட்கக்கூட மாட்டார். அண்ணியின் தோளைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணன் அவள் தோளில் தட்டிக்கொடுத்து முன்னால் தள்ளினார்.

படத்துக்கு அளவெடுத்தவர் விளக்கம் சொல்ல விரும்புவதாக வக்கீல் அறிவித்தார். நீதிபதி அனுமதித்தார். பாப்பா கூண்டில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க. அந்தக் கால் ரெண்டும் யார் குறிச்சது?"

"அண்ணாதாம்மா. அண்ணி வேற இடத்தக் காட்டினாங்க. அது தப்புன்னு அண்ணாவே திருத்தினாரு. எங்க நின்னாருன்னு அவருக்குத்தான தெரியும்." மூச்சு வாங்கினாள். "அன்னிக்கு அவர் எங்க வீட்ல இல்ல. எட்டரைக்குத்தான் வந்தாரு. நான் மொதல்ல சொன்னது பொய்."

அண்ணனின் நாற்காலி தரையில் தேய்ந்து கிறீச்சிட்டது.

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தார். "இதச் சொன்னா உங்கமேலயே வழக்கு வரலாம். தெரியுமா?"

"தெரியும்மா."

"வேற வக்கீல் யாரையாவது கேட்டு, யோசிச்சுச் சொல்லணும்னா நாளைக்கு வரைக்கும் நேரம் தரேன்."

"வேணாம்மா. இப்பவே எழுதிக்கோங்க," என்றாள் பாப்பா. "நேரம் குடுத்தீங்கன்னா அண்ணா எங்கிட்டப் பேசிடுவாரு."