சொந்தக் கையால் செய்த நீலக்குருவி

அந்தக் குடியிருப்பில் எல்லாரும் அவளைக் கத்தரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் கண் மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பாள். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்ட கையைக் கழுவினாளோ இல்லையோ, கத்தரிக்கோலைத் தூக்கிவிடுவாள். சாப்பாட்டு மேஜையில் பாதி அவளுடையது. வண்ணக் காகிதத்தை நாடா நாடாவாக நறுக்கி, நுனி பிளந்த பல் குத்தும் குச்சியில் சுற்றி, அந்தச் சுருள்களைப் பசை வைத்து ஒட்டி வாழ்த்து அட்டை செய்வாள். பூ, மீன், குடை, குருவி, எது கேட்டாலும் சுருட்டிக் கொடுப்பாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் போடும் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். வீட்டில் சொல்வது மட்டும் அந்தக் காதில் ஏறாது. "கடைத்தெரு ஸ்டேஷனரி கடையில என் கார்டெல்லாம் விக்கறாங்க" என்று அவள் சொன்னபோது, டிவியைப் பார்த்தபடி "ம்" என்றார். அவ்வளவுதான்.

வம்பை இழுத்துவிட்டது மகள்தான். அம்மாவின் பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா ஊருக்கெல்லாம் கார்டு செஞ்சு தர்றாங்க. அவங்களுக்கு இதுவரைக்கும் யாராவது ஒண்ணு செஞ்சு தந்திருக்கீங்களா?"

"ஏன், போன பிறந்தநாளுக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கித் தரலையா?" என்றார் அவர்.

"அதுல உங்க டிரில்லிங் மெஷின்தானேப்பா ஓடுது!"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இந்தத் தடவை பாரு. என் கையாலயே செஞ்சு தர்றேன்."

அதன் பிறகு அவளுடைய பெட்டியில் காகிதம் குறைந்தது. குப்பைக்கூடையில் கசங்கிய உருண்டைகள் சேர்ந்தன. அவள் பார்த்தும் பார்க்காதவள்போல் இருந்தாள். பிறகு அதுவும் நின்றுபோனது.

பிறந்தநாள் காலையில் டீ கப்பின் பக்கத்தில் ஒரு உறை வந்து உட்கார்ந்தது.

"பிரிச்சுப் பாரு."

பிரித்தாள். கிளையில் ஒரு நீலக்குருவி. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்து அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

அது அவள் செய்த குருவி. வால் முடிகிற இடத்தில் நீலக் காகிதம் தீர்ந்துபோய், யார் கவனிக்கப் போகிறார்கள் என்று ஒரு பச்சைச் சுருளை ஒட்டிவிட்டிருந்தாள். அட்டையின் பின்னால் கடை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிய தடம்கூடத் தெரிந்தது.

"நீங்களா செஞ்சீங்க?"

"பின்ன? மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல, மெஷின் ரூம்ல உட்கார்ந்து. விரலெல்லாம் போச்சு."

"வாலுல மட்டும் பச்சையா இருக்கே?"

"அது..." என்று இழுத்தார். "அதுதான் ஆர்ட்."

எட்டிப் பார்த்த மகளுக்கு டீ புரையேறியது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அங்கேயே குட்டை உடைத்திருக்கலாம். ஆனால் இப்படி ஒரு வாய்ப்பு தினமுமா வருகிறது?

"என்னைவிட நல்லா செஞ்சிருக்கீங்களே! அடுத்து உங்க தங்கச்சி பிறந்தநாள் வருது. அந்தக் கார்டை நீங்களே செஞ்சிடுங்க. ஞாயித்துக்கிழமை நான் பக்கத்துல உட்கார்ந்து கத்துக்கறேன்."

மனிதருக்கு முகம் தொங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முதுகு வலித்தது. அது எடுபடவில்லை. அவசர வேலை என்று போனை எடுத்துக் காதில் வைத்தார்; போன் சார்ஜில்லாமல் அணைந்து கிடந்தது. வேறு வழியில்லாமல் மேஜைக்கு வந்தார். இரும்புக் கயிற்றை முறுக்கிப் பழகிய கைக்குள் காகித நாடா நிற்கவே இல்லை. சுற்றச் சுற்ற விட்டுக்கொண்டு துள்ளியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பசையில் ஒட்டிக்கொண்டன.

"குருவி வாலுக்குச் சுருளைத் தளர்த்தியிருந்தீங்களே, அது எப்படிங்க?" என்று அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

"அதுக்கெல்லாம் மூடு வரணும்."

"வரட்டும். எனக்கு அவசரமில்ல."

கொஞ்ச நேரம் போராடிவிட்டுப் பல்குச்சியைக் கீழே வைத்தார். "கடையில வாங்கினேன்."

"எதை?"

"குருவியை. நானும் முயற்சி பண்ணினேன், வரல. ஸ்டேஷனரி கடையில யாரோ ஒரு அம்மா செஞ்சு தர்றாங்களாம். அவங்க கார்டு வந்ததும் வித்துப் போயிடுமாம். அன்னிக்குத்தான் புதுசா வந்து ஒரு ஸ்டாண்டு முழுக்க இருந்துது."

"அவ்வளவுல ஏன் இதை எடுத்தீங்க?"

விரலில் காய்ந்த பசையை உரித்தபடியே சொன்னார்: "அந்தப் பச்சைதான். எல்லாம் ஒழுங்கா வந்துட்டு, கடைசியில திடீர்னு ஒரு குறும்பு. பார்த்ததும் உன் ஞாபகம் வந்துது."

அவரைக் கலாய்க்க நாலைந்து வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தாள். அவற்றை விட்டுவிட்டாள். காகித நாடாக்களைச் சும்மா அடுக்கி வைத்தாள்.

"அந்த அம்மா நான்தாங்க."

அவர் அவளைப் பார்த்தார். அலமாரியில் நின்ற குருவியைப் பார்த்தார். "சொல்லவே இல்லையே!"

"சொன்னேன். நீங்க 'ம்' சொன்னீங்க."

"அப்போ அன்னிக்குக் காலையிலயே உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? 'அதுதான் ஆர்ட்'னு சொன்னீங்களே, காதுக்கு எவ்வளவு இதமா இருந்துது தெரியுமா!"

காது சிவக்கச் சிரித்துவிட்டு, தப்பித்தோம் என்று எழுந்தார். அவள் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். "தங்கச்சி கார்டு யார் செய்வா?"

இந்தத் தடவை அவள் பல்குச்சியைப் பிடித்துக்கொள்ள, அவர் சுற்றினார். மாலைக்குள் ஒரு ரோஜா உருவானது. பூவைவிட இலை பெரிது. தண்டு பூவை விட்டுத் தள்ளி நின்றது. திருத்தச் சொல்லி அவளுக்குக் கை துறுதுறுத்தது. கையைக் கட்டிக்கொண்டாள். அப்படியே அனுப்பிவைத்தார்கள்.

அட்டை போய்ச் சேர்ந்த அன்றே தங்கையிடமிருந்து போன் வந்தது. கத்தரியக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, உங்களுக்கு உடம்பு சரியில்லையா? கார்டுல முட்டைக்கோஸ் ஒட்டி அனுப்பியிருக்கீங்க?"

"அது ரோஜா!" என்று அவர் கத்தினார். "நானே என் கையால செஞ்சேன்!"

"சும்மா புளுகாத அண்ணா."

"சத்தியமா! வேணும்னா உங்க அண்ணியையே கேளு." போனை மனைவி முகத்துக்கு நேராக நீட்டினார்.

அவள் கையிலிருந்த சுருளை முடித்து, பசை வைத்து, ஊதிக் காயவைத்தாள். அவர் கண்ணாலேயே கெஞ்சினார்.

"ரோஜாதாம்மா," என்றாள் கடைசியில். "உங்க அண்ணனேதான் செஞ்சார். பிடிச்சிருந்தா இன்னொண்ணு செஞ்சு அனுப்பச் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்!" என்று அண்ணனும் தங்கையும் ஒரே குரலில் அலறினார்கள்.