தீப்தியின் முறை

கல்கத்தா லேக் கார்டன்ஸில் பாலசுப்ரமணியன் குடும்பம் குடியிருக்கும் வீட்டு மாடிப்படியில், கீழிருந்து ஒன்பதாவது படியில், பதினான்கு வருஷமாக ஒரு ராட்சசன் நின்றுகொண்டிருந்தான். எட்டடி உயரம். கூரை இடித்ததால் கழுத்தைச் சாய்த்து, வலது தோளில் ஒரு மரக் கதாயுதத்தைச் சாத்திக்கொண்டு நின்றான். மூச்சு விடுவான், கண் சிமிட்டுவான், மற்றபடி அசையமாட்டான். ஒருக்களித்து நடந்தால் அவனைத் தாண்டிப் போகலாம். மழைக்காலத்தில் எல்லோரும் அவனுடைய இடது கையில் குடையை மாட்டிவிட்டு மேலே ஏறினார்கள். சரஸ்வதி பூஜை அன்று எல்லோரும் மாஷிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி மாமி ஸ்டூல் போட்டு ஏறி அவன் நெற்றியிலும் சந்தனம் வைத்தாள். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் இவர் யார் என்று கேட்டபோது, குழந்தைகளின் விளையாட்டில் வந்தவன், இன்னும் அவன் முறை வரவில்லை என்று பாலசுப்ரமணியனின் மனைவி வசந்தி சொன்னாள். அவர் விருந்தாளி என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அவன் வந்தது 2010 மே மாதத்தில். பாலசுப்ரமணியனின் மகன் ஜெய்ராமுக்கு அப்போது பதினைந்து வயது. ஆளுக்கொரு வேஷம் எடுத்துக் கதைக்குள் சண்டை போடும் ஒரு விளையாட்டு உண்டு; காலேஜ் தெருவில் வாங்கிய அதன் விதிப்புத்தகத்தின் ஜெராக்ஸ் பிரதி அவனிடம் இருந்தது. கதை சொல்வதும் தீர்ப்புச் சொல்வதும் அவன் வேலை. அவன் தங்கை ஹம்சினி வாள் வீரர். எதிர்ப் போர்ஷனில் இருந்த துறைமுக அதிகாரியின் பெண் தீப்தி வில்லாளி. வீட்டுக்குள் கரண்ட் போனால் மாடிப்படியின் மேல்தளத்தில்தான் காற்று வரும் என்பதால் அங்கே அட்டையை விரித்து, இருபது முகப் பகடையை உருட்டி விளையாடினார்கள். சண்டை வந்தால் ஒருவர் பின் ஒருவராகத்தான் ஆட வேண்டும். எல்லோரும் ஒரு முறை ஆடி முடித்தால் ஒரு சுற்று. கதைக்குள் அது ஆறு விநாடி என்று புத்தகம் சொன்னது. அந்த மதியம் ஒரு கோட்டையின் படிக்கட்டில் ராட்சசனோடு சண்டை. முதலில் தீப்தி, அடுத்து ராட்சசன், கடைசியில் ஹம்சினி என்று வரிசை. ஹம்சினியின் வீரருக்கு ஒரே ஒரு உயிர்ப்புள்ளி மிச்சம், இன்னோர் அடி விழுந்தால் செத்துப்போவார். வாசலில் தீப்தி வீட்டுச் சாமான் ஏற்றிய லாரி நின்றது, அவள் அப்பாவுக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல். மூன்றாவது தடவையாக அவர் கீழிருந்து கூப்பிட்டபோது தீப்தி பகடையைக் கீழே வைத்துவிட்டு, "இப்போ ஆடல. என் முறையைப் பிடிச்சு வெச்சுக்கறேன்" என்றாள்.

பிடித்து வைத்த முறையை அந்தச் சுற்று முடிவதற்குள் ஆட வேண்டும், இல்லாவிட்டால் போய்விடும் என்பது விதி. எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதுகூட ஜெய்ராமுக்குத் தெரியும். ஆனால் தண்ணீர் பாட்டிலைக் குறுக்கே மாட்டிக்கொண்டு ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்துவிட்ட பெண்ணிடம் உன் முறை போய்விட்டது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "நீ வந்து ஆடற வரைக்கும் வேற யாரும் ஆட முடியாது. ரூல் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டான். தீப்தி தலையாட்டிவிட்டு இறங்கினாள். லாரி தெருமுனையில் திரும்பியபோது ஒன்பதாவது படியில் ராட்சசன் நின்றான். வசந்தி வெளியே வந்து பார்த்து, காபி குடிப்பாரா என்று கேட்டாள்.

ராட்சசனால் யாருக்கும் தொந்தரவில்லை. தொந்தரவு ஹம்சினிக்கு மட்டும்தான், அதுவும் ஏழு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. புனே கல்லூரியில் இடம் கிடைத்துப் பெட்டியோடு இறங்கியபோது பத்தாவது படிக்குக் கீழே மறுபடியும் பத்தாவது படியே வந்தது. நாற்பது நிமிஷம் இறங்கினாள். டாக்சிக்காரர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தார், ஹௌராவில் ரயில் போய்விட்டது. பெட்டியை அப்பா தூக்கிக்கொண்டு முன்னால் போனாலும் அதே கதைதான். பள்ளிக்கூடம், காளிகாட் கடைகள், ஒரு கல்யாணத்துக்கு நாலு நாள் கும்பகோணம் என்றால் படிகள் ஒன்றும் சொல்லவில்லை. ஊரைவிட்டே போகிறாள் என்றால் விடவில்லை. சண்டைக்களத்தை விட்டு விலகுவதும் ஓர் ஆட்டம், அதைத் தன் முறை வந்தபிறகுதான் ஆட முடியும் என்று ஜெய்ராம் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னான். அப்படிப் புனே போயிற்று. பிறகு சென்னையும் போயிற்று. 2024இல் மைசூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. ஜூலை முதல் தேதி சேராவிட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"அண்ணா, அவ முறை போயிடுத்துன்னு சொல்லிடேன்" என்றாள் ஹம்சினி.

"சொன்னா அடுத்தது ராட்சசன். உனக்கு ஒரு புள்ளிதான் இருக்கு."

"அப்போ தீப்தியைக் கூப்பிடு. அவ அம்பு பட்டா அவன் விழுந்துடுவானே."

அவர்கள் விசாகப்பட்டினத்திலிருந்து காண்ட்லாவுக்கும் அங்கிருந்து கொச்சிக்கும் போய்விட்டார்கள், விலாசம் இல்லை என்று ஜெய்ராம் பதினான்கு வருஷமாகச் சொன்னதையே சொன்னான். ஹம்சினி போனை எடுத்து ஒரு மணி நேரத்தில் தீப்தியைக் கண்டுபிடித்துவிட்டாள். "நீ தேடவே இல்ல, இல்லையா?" என்று கேட்டாள். ஜெய்ராம் ராட்சசன் கையில் தொங்கிய குடைகளைச் சரிசெய்துகொண்டிருந்தான். அலிப்பூர் ஆபீசிலிருந்து தினமும் வந்து அந்த மேல்தளத்தில் கொஞ்ச நேரம் உட்காருவது அவன் வழக்கம். அட்டையை யாரும் மடிக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தான்.

ஜூன் கடைசி ஞாயிறு காலை தீப்தி வந்தாள். வக்கீலாகி இருந்தாள், முன்நெற்றியில் ரெண்டு நரை. ஒன்பதாவது படியில் நின்று அண்ணாந்து, "இன்னும் உயரம்னு நெனச்சேன்" என்றாள். மேலே வந்து சப்பணமிட்டு உட்கார்ந்து பகடையை உருட்டினாள். நாலு விழுந்தது. அம்பு ராட்சசன் காதை ஒட்டிப் போய்ச் சுவரில் குத்தி நின்றது.

"பதினாலு வருஷம் காத்துண்டு நாலா போடறது?" என்றாள் வசந்தி வாசற்படியில் நின்று.

"கை மரத்துப் போயிருக்கும் மாமி."

அடுத்தது ராட்சசன். அவனுக்காக உருட்ட வேண்டியது ஜெய்ராம். படிக்கட்டில் மூச்சுச் சத்தம் பெரிதானது. கதாயுதம் தோளிலிருந்து ஒரு விரற்கடை எழும்பியது. வசந்தி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஜெய்ராம் பகடையைக் கையில் எடுத்தான்.

"அண்ணா, ராட்சசனை ஆடறது நீதானே?" என்றாள் ஹம்சினி.

"ஆமா."

"அவன் அடிச்சே ஆகணும்னு போட்டிருக்கா?"

ஜெய்ராம் புத்தகத்தைப் புரட்டினான். அடித்தால் எவ்வளவு வலிக்கும் என்று போட்டிருந்தது. எவ்வளவு தூரம் நடப்பான் என்று போட்டிருந்தது. அடித்தே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை. தீப்தியும் வாங்கி, வக்கீல் பார்க்கிற மாதிரி அடிக்குறிப்பு வரை பார்த்துவிட்டு, இல்லை என்றாள். ஜெய்ராம் பகடையைக் கீழே வைத்தான். விரித்தே கிடந்த அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "ராட்சசன் படியிறங்கிப் போறான்" என்றான்.

ராட்சசன் கையிலிருந்த மூன்று குடைகளையும் வசந்தியிடம் நீட்டினான். கழுத்தைத் தடவிக்கொண்டு ஒன்பது படியும் இறங்கி, வாசலைத் தாண்டி, ஒரு முறைக்குப் புத்தகம் அனுமதித்த முப்பதடியை நடந்து டீக்கடை பக்கத்தில் நின்றான். அடுத்து ஹம்சினி. அவள் பெட்டியைத் தூக்கினாள். பத்தாவது படிக்குக் கீழே ஒன்பதாவது படி இருந்தது, அதற்குக் கீழே எட்டாவது. டாக்சியின் கண்ணாடியை இறக்கி, "அண்ணா, பத்திரம்" என்று கத்தினாள். அத்தோடு அந்தச் சுற்று முடிந்தது.

மறுபடி தீப்தியின் முறை. மதியம் அவளுக்கு விமானம். சாப்பிட்டுக் கை கழுவி வந்தவள் பகடையை எடுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தாள். "பிடிச்சு வெச்சுக்கறேன்" என்றாள். ஜெய்ராம் இந்தத் தடவை விதியைச் சரியாகவே சொன்னான். "இந்தச் சுற்று முடியறதுக்குள்ள வரணும். இல்லன்னா போயிடும்."

"தெரியும். ஆறு விநாடிதானே" என்றாள் தீப்தி.

டீக்கடைக்காரர் இப்போது துண்டை ராட்சசனின் இடது கையில் காயப்போடுகிறார், மழை வந்தால் தார்ப்பாயின் ஒரு முனையை அவன் கழுத்தில் கட்டிக்கொள்கிறார். வசந்தி சுவரிலிருந்த அம்பில் காலண்டர் மாட்டிவிட்டாள். குடை மாட்ட இடமில்லை என்றுதான் மாஷிமாவுக்குக் குறை. ஜெய்ராம் ஆபீஸ் விட்டு வரும்போது ராட்சசன் பக்கத்தில் நின்று ஒரு டீ குடித்துவிட்டு மேலே போகிறான். அட்டை விரித்தபடி இருக்கிறது.