மனுவில் வேண்டாத வரி

வக்கீலம்மா வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார்; வாய் ஓயவில்லை. ஓய்வு பெற்ற வக்கீல்கள் நாலைந்து பேர் சேர்ந்து, புதன்கிழமைதோறும் நூலகத்தின் பின்னறையில் ஏழைபாழைகளுக்குச் சும்மா மனு எழுதிக் கொடுத்தார்கள். இவர் மேசையில் மனுவோடு திட்டும் இலவசம்.

அன்று எதிரே ஒரு தையல்காரி. கணவர் எட்டு வருடத்துக்கு முன் வெளியூர் வேலைக்கென்று கிளம்பிப் போனவர்தான்; ஒரு கடிதமில்லை, ஒரு போனில்லை. அரசு ஒதுக்கிய வீடு அவர் பெயரில் இருந்தது. மாத முடிவுக்குள் நீதிமன்றத்தில் மனுப் போட்டுப் பெயரை மாற்றக் கேட்காவிட்டால், குடியிருப்பு அலுவலகம் வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

பழக்க தோஷம், கேட்டதும் கேட்காததுமாக வக்கீலம்மா மனுவை எழுதித் தள்ளிவிட்டார்.

தையல்காரி விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். 'என் கணவர் இறந்துவிட்டார்' என்ற இடத்தில் விரல் நின்றது.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேம்மா."

"வீடு போயிடும், தெரியுதா? பொண்ணைக் கூட்டிக்கிட்டு எங்க போவே?" வக்கீலம்மாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"தெரியும்மா. ஆனா அப்பா வருவாருன்னு அவகிட்ட தினமும் சொல்லிட்டிருக்கேன். இங்க வந்து செத்துட்டாருன்னு எப்படி எழுதிக் கொடுப்பேன்?" பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வக்கீலம்மா தான் எழுதியதைத் திரும்பப் படித்தார். கோபம் தன் மேலேயே திரும்பியது. இவளிடம் சட்டம் கேட்காததை அல்லவா அவசரத்தில் எழுதித் தொலைத்திருக்கிறோம்! ஏழு வருடத்துக்கு மேல் தகவல் இல்லை என்று இவள் சொன்னால் போதும். இறந்ததாகக் கொள்ளலாம் என்ற மிச்சத்தை நீதிபதி தன் வாயால் சொல்லிக்கொள்ளட்டும்.

"உக்காரும்மா. தப்பு என்னோடது."

வேறு தாளில் நிதானமாக எழுதினார். 'என் கணவரைப் பற்றி எட்டு ஆண்டுகளாக எனக்கு எந்தத் தகவலும் இல்லை. நான் அவரைத் தேடாத இடமில்லை.' இரண்டாவது வரி சட்டத்துக்குத் தேவையே இல்லை. இருந்தாலும் எழுதினார்.

தையல்காரி இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஆனால் தாளை விடவில்லை.

"வீடு என் பேருக்கு வந்தப்புறம் அவர் வந்து நின்னா, நம்ம கேஸ் என்னம்மா ஆகும்?"

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார்.

"தோத்துப் போயிடும். தோக்கணும்னு இவ்வளவு ஆசைப்பட்டு நான் எந்தக் கேஸும் எடுத்ததில்லடி, கண்ணு."