லிட்டர் நாலு

டிரைவிங் ஸ்கூலின் மாடியில் போட்டிருந்த நாற்காலிகள் நிரம்பிவிட்டன. பள்ளியின் நாற்பதாம் ஆண்டு விழா. மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவரைக் கிளச்சு மாஸ்டர் என்று சொன்னால்தான் ஊரில் தெரியும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ‘கிளச்சு, கிளச்சு’ என்று அவர் போட்ட கூச்சலில்தான் பாதி ஊர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது.

முன்வரிசையில் அவருடைய அக்கா உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிளீச்சிங் பவுடர் தின்ற விரல்களைக் கைப்பையின் மேல் கோத்து வைத்திருந்தார்.

மாஸ்டர் தன் முதல் காரைப் பற்றி ஆரம்பித்தார். இடப்பக்கக் கதவைக் கயிற்றால் கட்டிவைத்தது, மழை வந்தால் படிக்க வந்தவரையே குடை பிடிக்கச் சொன்னது என்று எல்லாரும் கேட்ட கதைதான். ஆனாலும் சிரித்தார்கள். பிறகு நன்றி சொல்ல ஆரம்பித்தார். கடன் கொடுத்த வங்கி அதிகாரி, போர்டு எழுதிய பெயின்டர், பொறுமையாக இருந்த மனைவி, கடைசியில் காருக்கு அடியில் படுத்துக் காவல் காத்த தெருநாய் வரைக்கும் வந்துவிட்டார். அக்கா காத்திருந்தார். நாய்க்குப் பிறகாவது நம் முறை வரும் என்று நினைத்தார்.

மாஸ்டர் அவர் பக்கம் திரும்பினார். “எங்க காரை நீ பாத்திருக்கேல்ல, அக்கா?”

‘நம்ம கார்’ என்று சொல்லியிருந்தால் அக்காவும் அதில் இருந்திருப்பார். ‘எங்க கார்’ என்றதும் நடுவழியில் கதவைத் திறந்து இறக்கிவிட்டது போலாயிற்று. அந்தக் காரின் விலையில் பாதி அக்காவின் சேமிப்பு. ஆனால் அவர் பார்த்திருக்கிறாராம், எதிர்வீட்டுக்காரி மாதிரி. காது மடல்வரை சூடு ஏறியது. கடவுளே, இந்த நாக்கைக் கொஞ்சம் பிடித்துக்கொள் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டார்.

மாஸ்டர் பெட்ரோல் விலைக்குப் போய்விட்டார். அந்தக் காலத்தில் லிட்டர் நாலு ரூபாய், இன்றைக்கு விற்கிற விலைக்கு மோந்து பார்க்கத்தான் முடியும் என்றார். அப்போது பின்வரிசையிலிருந்து, லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் எழுந்தார். அந்த வருஷம் நாலு இல்லை, ஆறு என்றார். தம்பி பெட்ரோல் போட்டாரா, கதை விட்டாரா என்றும் கேட்டார். கூடம் முழுக்கச் சிரிப்பு.

மாஸ்டரின் முகம் சுண்டிப்போயிற்று. ஆஸ்பத்திரிக்கென்று தனி பம்ப் இருந்தது, ஊழியர்களுக்கு விலை குறைவு, அக்காதான் வாங்கி வந்து கொடுப்பார், வேண்டுமானால் அவரையே கேளுங்கள் என்றார்.

எல்லாத் தலையும் அக்கா பக்கம் திரும்பியது.

ஆஸ்பத்திரியில் பம்ப் ஏது? சவ வண்டிக்கே வெளியில்தான் டீசல் போட்டார்கள். ஆறு கொடுத்து வாங்கினால் தம்பிக்குக் கட்டுப்படியாகாது, பள்ளியை மூடிவிட்டுப் பழையபடி கிடங்கில் மூட்டை தூக்கப் போய்விடுவான் என்று பயந்து அக்கா சொன்ன பொய் அது. வேலை விட்டதும் கேனோடு சந்தை முனை பம்புக்குப் போவார். பஸ்ஸில் பெட்ரோல் ஏற்ற விடமாட்டார்கள். கேனைக் கை மாற்றிக் கை மாற்றி நடந்தே வருவார். தம்பி சொந்தக் காலில் நிற்கும்வரை அப்படித்தான்.

இப்போது ஒரு வார்த்தை போதும், தம்பியின் மானம் இந்த மாடியிலேயே போய்விடும். சொல்லத்தான் வாயைத் திறந்தார். மாஸ்டர் சின்ன வயதில் பார்த்த மாதிரியே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாலுதான்” என்றார் அக்கா.

கைதட்டினார்கள். அக்கா எழுந்து படியிறங்கிவிட்டார். பயிற்சிக் கார்கள் நிற்கும் முற்றத்தில் வந்து நின்றபோது கோபம் முன்னைவிட அதிகமாகியிருந்தது. அவனைக் காப்பாற்றியதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று முடிவு கட்டினார்.

மாஸ்டர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். “நல்லவேளை அக்கா, மானத்தைக் காப்பாத்திட்ட. அந்த லாரிக்காரர் அதுக்கப்புறம் வாயே திறக்கல.”

“ஆஸ்பத்திரியில பம்பே கிடையாதுடா.”

மாஸ்டருக்குப் புரியவில்லை. அக்கா எல்லாவற்றையும் சொன்னார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஈரத் துணியைக் கல்லில் அடித்தது போல விழுந்தது.

“இத்தனை வருஷமா என்னை முட்டாளாக்கி வச்சிருந்தியா?” மாஸ்டருக்கும் கோபம் வந்தது. “ஊர் பூரா நாலு நாலுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனே.”

“சொல்லியிருந்தா வாங்கியிருப்பியா?”

அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“சாகறவரைக்கும் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். எங்க காரைப் பாத்திருக்கியான்னு என்கிட்டயே கேக்குறே. நாய்க்குக்கூட நன்றி சொன்னியே, நான் யாருடா உனக்கு?”

மாஸ்டர் ஒரு பயிற்சிக் காரின் மேல் கைவைத்துக்கொண்டு நின்றார். தான் என்ன சொன்னோம் என்று உதடுகளுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். சொல்லிப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது. திரும்பிப் படியேறிப் போனார்.

அக்கா வாசல் கேட்டுக்குப் போய்த் தாழ்ப்பாளில் கைவைத்தார். அப்போது மாடி ஸ்பீக்கர் கரகரத்தது.

“லாரிக்கார அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி. ஆறுதான். நாலு நான் குடுத்தேன். மிச்சம் ரெண்டை எங்க அக்கா போட்டிருக்கா. கார்லயும் பாதி அவளோடது. பெட்ரோல் விஷயம் எனக்கு இப்பத்தான் தெரியும். கார் விஷயம் தெரிஞ்சே மறந்துட்டேன்.”

யாரோ அதையும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள்.

“சிரிக்காதீங்க” என்றார் மாஸ்டர்.

கூடம் அடங்கியது. நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. மாஸ்டரின் மனைவி படியிறங்கி வந்தார். ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினார்.

“அவனைத் திட்டணும் போல இருக்கும்மா, இன்னும்” என்றார் அக்கா.

“மேல வந்து உக்காந்து திட்டுங்க அண்ணி. நின்னுட்டே திட்டினா கால் வலிக்கும்.”

அக்காவின் கோபம் தீர்ந்துவிடவில்லை. இத்தனை வருஷக் கோபத்தைக் கடவுள்கூட ஒரே நாளில் கரைத்துவிடச் சொல்வதில்லை. ஆனால் தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. முழுவதையும் குடித்துவிட்டுத் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார்.